சூடாகாத கண்

தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. தண்ணீர் போதும்.

சின்ச்சு நகரத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவு செய்தது கண்ணில் அணியும் திரைக்கண்ணாடி. அதன் ஆன்டெனா வீசும் அலைகள் தலையை எவ்வளவு சூடாக்கும் என்று முதலில் கணினியில் பார்ப்போம். கணினியில் வரைந்த மாதிரித் தலையின் தோல், எலும்பு, கண் ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் இரண்டு வகை உண்டு: அலையை உறிஞ்சிச் சூடாவது, உறிஞ்சாதது. உறிஞ்சாததைக் கொடுத்தால் கணக்கு சீக்கிரம் முடியும். படம் அழகாக வரும். உண்மையாக இருக்காது.

என் தங்கை ஷின்யூ ஒருமுறை கண்ணுக்கு உறிஞ்சாததைக் கொடுத்துவிட்டாள். மேலாளர் லுவோ கண்டுபிடித்தார். இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் இருக்க அவற்றின்மேல் பச்சைநிறச் சோளப்பொரிப் பைகளை வைப்பது எங்கள் வழக்கம். அதில் ஒன்றை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

"மிஷின் ஒழுங்காத்தான் இருக்கு. அடங்க வேண்டியது இதுதான். கீழ விழாம உக்காரும்மா."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அதன்பின் திங்கள்தோறும் கூட்டம் முடியும்வரை பை அவள் தலையில் இருந்தது. நான்காம் மாதம், எட்டாவது மாடியிலிருந்து இறங்க அவள் லிஃப்டுக்கும் காத்திருக்கவில்லை, படிப்பக்கமும் போகவில்லை.

லுவோவிடம் ஒரு நல்ல பழக்கம். எந்தப் புதுக் கருவியையும், ஆய்வகச் சோதனைக்கு முன்பே, தானே நாள் முழுவதும் அணிந்து பார்ப்பார். அடுத்த கண்ணாடிக்கு அலையின் வலுவைப் பல மடங்கு கூட்டச் சொன்னார். கூட்டினேன். கணினியில் கண்ணுக்கு மட்டும் உறிஞ்சாததைக் கொடுத்தேன். திரையில் கண் குளிர்ந்த நீலத்தில் நின்றது.

"உன் கணக்க நான் வேற பாக்கணுமா? கையெழுத்து எங்க, அதச் சொல்லு."

கண்ணின் வில்லையில் ரத்தம் ஓடாது. வந்த சூட்டை எடுத்துப்போக வழியில்லை. வலியும் தெரியாது. ஐந்தாம் மாதம், "என்னம்மா, ஸ்கிரீன்ல பனி படிஞ்சிருக்கு?" என்றார். துடைத்துக் கொடுத்தேன். வில்லையோடு விழித்திரையும் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேட்பது அவர் மகள் யூஆனைப் பற்றி. ஏழு வயது. இன்னொரு கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோனதை இரண்டாம் வாரமே அவர் சொன்னார்: "கார்ட்டூன் போட்டா கழட்டவே மாட்டேங்குறா, கழுதை."

எனக்குக் குழந்தைகள் என்றால் பிரியம். அன்றே தலையைக் குழந்தையின் அளவுக்குச் சிறிதாக்கி, கண்ணுக்கு உறிஞ்சும் வகையைக் கொடுத்து, கணக்கை மறுபடி ஓட்டினேன். எத்தனை நாள் தாங்கும் என்று யாராவது சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் அல்லவா?

அவளுக்கு மூன்று மாதம் என்று வந்தது. அவருக்கு ஐந்து.

ஐந்தும் முடியட்டும் என்று இருந்தேன்.