எல்லோரும் நார்மல் என்று சொன்ன நெஞ்சு

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, இதயப் பிரிவின் மருத்துவர்களே, செவிலியர்களே, வார்டு ஊழியர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, உள்ளே இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் நோயாளிகளே, அனைவருக்கும் வணக்கம். வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். அடுத்த வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் கறார் டாக்டரம்மா வாங்கிய விருதுகளைச் சொன்னார்கள். அவர் தொடங்கிய இதயப் பிரிவைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் டாக்டராவதற்கு முன்பே ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த உயிர்தான் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நானும் அவரும் வெளிநாட்டில் ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தவர்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றதும் உங்கள் மனதில் என்னென்னவோ படம் ஓடும். எங்களுக்கு ஓடியதெல்லாம், ஹீட்டர் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்ற சண்டை. பாடம் அந்த ஊர் மொழியில். புரிந்துகொள்ள நம் மொழி, பரீட்சைக்கு அவர்கள் மொழி என்று ஒவ்வொரு எலும்பையும் இரண்டு தடவை படித்தோம். மூன்றாம் வருடம் வார்டுக்குப் போனால், நோயாளி எங்கள் முகத்தைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கே மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறவனிடம் யார்தான் நெஞ்சைத் திறந்து காட்டுவார்?

ஆனால் தொட்டுப் பார்க்காமல் டாக்டராக முடியுமா? அதற்காக ஹாஸ்டலில் நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எங்களில் ஒருவர் படுக்க வேண்டும், மற்றவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்ற எவனும் முன்வரவில்லை. நான் வந்தேன். ஹீட்டர் பக்கத்துக் கட்டிலும் ஒரு டீயும் கிடைக்கும் என்றால் நான் எதற்கும் தயார். ஆளும் ஒல்லி, வைத்த இடத்தில் சத்தம் கணீரென்று கேட்கும். இப்படியாக மனித இதயம் எப்படித் துடிக்கும் என்பதை எங்கள் கூட்டம் முழுவதும் என் நெஞ்சை வைத்துத்தான் படித்தது. லப் என்று ஒன்று, டப் என்று ஒன்று, இரண்டுக்கும் நடுவில் குழாயில் தண்ணீர் சீறுகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்'. புத்தகத்தில் அந்த 'ஸ்ஸ்' இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஒல்லியான ஆள், அதனால் கூடுதலாகக் கேட்கிறது என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் வார்டில் கட்டட வேலைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு நெஞ்சைக் காட்டினார். எங்களில் பயில்வான் என்று பட்டப்பெயர் வாங்கியவன் கேட்டுவிட்டுப் பதறிப்போய்ப் பேராசிரியரிடம் ஓடினான். "சார், இவருக்கு நடுவுல வரவேண்டிய சத்தமே வரலை." பேராசிரியர் திருதிருவென விழித்தார். பையனுக்கு மொழித் தகராறு போல என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மன்னியுங்கள், ஹாஸ்டல் கதையில் அவரை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அன்று கட்டில் கட்டிலாகப் போய்க் கெஞ்சினாள். பலர் மறுத்தார்கள், சிலர் சம்மதித்தார்கள். அது போதாதென்று நர்ஸ், லிஃப்ட் ஆபரேட்டர், காண்டீன் அம்மா என்று அகப்பட்டவர் நெஞ்சையெல்லாம் கேட்டாள். சாயங்காலம் ஹாஸ்டல் சமையலறையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"டேய், அவங்க யாருக்குமே அந்தச் சத்தம் இல்லடா. உனக்கு மட்டும்தான் இருக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

வெளிநாட்டு மாணவனுக்கு உடம்பில் குறை என்று கல்லூரிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு முந்தைய வகுப்பில் ஒருவன் அப்படித்தான் போனான். எனக்கு ஊரில் உடல்தகுதிச் சான்றிதழ் கொடுத்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன். பையன் டாக்டராகி வருவான் என்று வீடே காத்துக்கொண்டிருக்கிறது. நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத. படிப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கறேன்." கூட்டம் முழுவதும் என் பக்கம். எல்லாம் பாசத்தில்தான். "இத்தனை வருஷம் ஓடலையா? இன்னும் கொஞ்ச வருஷம் ஓடாதா?" என்றான் பயில்வான்.

"ஓடலைன்னா இவன் அம்மாவுக்கு யாருடா போன் பண்றது? நீ பண்றியா?" என்றாள்.



மறுநாள் இதய அறுவை நிபுணரின் அறை வாசலில் போய் நின்றாள். துணைக்கு எவரும் போகவில்லை. நான் போனேன், அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால். அவர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இதை உங்கள்ல எத்தனை பேர் கேட்டிருக்கீங்க?"

"எங்க கூட்டம் முழுக்க, சார்" என்றாள்.

"யாருக்கும் சந்தேகம் வரலையா?"

"எங்களுக்கு இதுதான் நார்மல், சார்."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக ஓடியிருந்தால் வழியிலேயே கதை முடிந்திருக்கும் என்றார்.

அன்றிலிருந்து ஹாஸ்டலில் அவளோடு யாரும் பேசவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று பெயர். என்னை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று கல்லூரி இழுத்தடித்தது. அத்தனை நாளும் சமையலறை மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என் அம்மாவுக்குப் போன் செய்ததும் அவள்தான். "அம்மா, பயப்படாம கேளுங்க. உங்க பையனுக்கு நெஞ்சுல ஒரு கோளாறு இருக்கு. ஆபரேஷன் பண்ணினா பிழைச்சுக்குவான். அவன் உங்ககிட்ட மறைக்கச் சொன்னான், அதனாலதான் நான் பேசறேன்." அறுவை முடிந்து தேறினேன். இனி இவனுக்குத் தடையில்லை என்று அந்த நிபுணரே எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் பிந்திப் படிப்பை முடித்து, அவள் சேர்ந்த இதே மருத்துவமனைக்கு நானும் வந்தேன்.

ஆனால் இதெல்லாம் நல்லபடியாக முடியும் என்று அன்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது. என் படிப்பு போகலாம், எங்கள் நட்பு போகலாம், அந்நிய ஊரில் இருந்த ஒரே கூட்டமும் கைவிட்டுப் போகலாம். அத்தனையும் தெரிந்துதான் அந்தக் கதவைத் தட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. அன்பர்களே, இருபத்தோரு வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 

இந்த மருத்துவமனைக்கு வந்த புதிதில் அவரை 'வெளிநாட்டுச் சரக்கு' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவர்களும் அவருடைய விதிக்குக் கட்டுப்பட்டார்கள். அவர் பிரிவில் சேருகிற யாரும் முதலில் இங்கே வேலை செய்கிற எல்லோருடைய நெஞ்சையும் கேட்க வேண்டும். தலைவர் அவர்களே, உங்கள் நெஞ்சையும் கேட்டார்கள். நீங்கள் சிகரெட்டை விட்டது அந்த வாரம்தான். "எத்தனை பேர் நார்மல்னு சொன்னாங்கன்னு நான் கேக்கலை. உன் காதுல என்ன விழுந்துச்சு, அதைச் சொல்லு" என்பார். தன் நோயையும் அப்படித்தான் சொன்னார். காலை ரவுண்ட்ஸ் தொடங்கும்போது, "எனக்குப் புற்றுநோய், முத்திப்போச்சு. யாரும் சுத்தி வளைக்க வேண்டாம். சரி, நேத்து யார் யார் அட்மிட் ஆகியிருக்காங்க?" என்றார்.  அவர் முதல் கட்டிலுக்கு நடந்துவிட்டார்.

இனி இந்தப் பிரிவை யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள். பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு அந்த நெஞ்சுரம் உண்டா? இத்தனை வருடமும் கசப்பான சேதி சொல்ல வேண்டிய இடத்தில், "நீ சொன்னா எடுபடும்" என்று அவரை முன்னால் தள்ளிவிட்டு நழுவிய ஆள் நான்.

நேற்று மயானத்தில் அவரை வழியனுப்பிவிட்டு நேராக வார்டுக்குத்தான் போனேன். லாரி ஓட்டுநர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இதயம் பலவீனம்னு மட்டும் எழுதிடாதீங்க. லைசென்ஸ் போயிடும். எனக்கு வேற தொழில் தெரியாது." பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவரிடம் நானே சொன்னேன், நானே எழுதினேன். வேறு வேலை தேட நானும் கூட அலைகிறேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்று காலையும் என்னோடு பேசவில்லை.

டாக்டரம்மா, உங்கள் பிரிவு உங்கள் முறைப்படியே நடக்கும். இது இந்தச் சபைமுன் நான் கொடுக்கும் வாக்கு. அந்த ஓட்டுநர் என்மேல் கோபமாகவே இருக்கட்டும். உயிரோடு இருந்து கோபப்படட்டும்.