வெள்ளைக்காரனா, நம்மாளா

ஹாசிமின் கடையில் தேத்தண்ணி ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை. சாயம் அதிகம், சீனி அதைவிட அதிகம். ஆனாலும் குறிஞ்சிப்பிட்டியில் பின்னேரம் உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பதற்கு வேறு இடம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு நான் தினமும் அங்கே போனேன், பேசுவதற்கு அல்ல. ஒன்றுமே தெரியாத நாலு பேர் எவ்வளவு நேரம் சளைக்காமல் பேசிக்கொண்டிருக்க முடியும் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் அந்தக் கடைதான்.

நமது நாட்டு உதைபந்தாட்ட அணி இன்னொரு தடவை தோற்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பயிற்றுவிப்பாளர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். அடுத்தவர் யார் என்பதைக் கொழும்பில் யாரோ தீர்மானிப்பார்கள். ஆனால் ஹாசிமின் கடையில் இருந்தவர்கள் அதைத் தாங்கள் தீர்மானிக்காமல் வீட்டுக்குப் போவதாக இல்லை.

"பிரேசில்காரன் ஒருத்தனக் கொண்டு வரணும்," என்றார் ஹாசிம், பாலை ஆற்றிக்கொண்டே. "அவனுகளுக்குப் பொறக்கக்குள்ளயே கால்ல பந்து."

"பிரேசில்காரன் இங்கத்த வெயில்ல ரெண்டு நாள் நிக்க மாட்டான்," என்றார் பதியுதீன். அவர் வெங்காயம் பயிரிடுகிறவர். "மாலைதீவுக்காரன்ட கோச்ச எடுங்க. அவனுகளும் நம்மளப் போல மீன் திண்டு வளந்த ஆக்கள்தானே. நம்மளுக்கு அடிக்கிறானுகளா இல்லியா?"

மூன்றாவது ஆள் அல்பிரட். சொந்தமாகப் படகு வைத்திருக்கும் மீனவர், சத்தமாகப் பேசுகிறவர். "வெள்ளைக்காரன்தான் சரி," என்றார் அவர். "நம்மட பொடியன்மார் நம்மாள் சொன்னா ஓட மாட்டான்கள். வெள்ளைத்தோல் விசில் ஊதினாத்தான் ஓடுவான்கள்."

இந்த மூன்று பேரில் ஒருவர்கூடப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டவர் இல்லை. மூலையில் இருந்து தொலைக்காட்சி பார்த்ததே இவர்களுடைய தகுதி. அப்போது ஹாசிம் என் பக்கம் திரும்பினார்.

"ஏன், நம்மட அருள் சேரை அனுப்புவமே."

எல்லாரும் சிரித்தார்கள். அல்பிரட் மட்டும் எனக்காகப் பரிந்து பேசினார். "சேரைப் பகிடி பண்ணாதீங்க. சேர் நல்லவர். ஆனா சேர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டிரில் பழக்கினவர். அது வேற, இது வேற."

அவர்கள் தீங்கில்லாமல்தான் சிரித்தார்கள். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். தீங்கு நினைத்துச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு எழும்பிப் போயிருப்பேன். ஒரு குழந்தையின் தலையைத் தடவுவது போல அவர்கள் என்னைத் தடவினார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் நடுக்கள வீரன். தேசிய அணித் தெரிவுக்கு என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள், பாதை பூட்டியிருந்ததால் போக முடியவில்லை. யுத்தத்தைக் காரணம் சொல்கிற மனிதர்கள் எனக்குப் பிடிக்காது, அதனால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை இங்கே பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தேன். என்னிடம் படித்தவர்கள் இன்று கட்டாரில் லொறி ஓட்டுகிறார்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக் கேற்றில் காவல் நிற்கிறார்கள். எவனும் ஒழுங்காக ஒரு பந்தை நிறுத்தியதில்லை. பிழை பழக்கியவனில் இல்லை.

தர்சன் அல்பிரட்டின் ஒரே மகன். இருபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்த வேலை. ஊர்க் கழகத்தில் முன்கள ஆட்டக்காரன். வேகம் இருந்தது, இடது கால் சுத்தமாக இருந்தது, ஆனால் இடைவேளைக்குப் பிறகு கை இரண்டும் இடுப்புக்குப் போய்விடும். மாகாண அணிக்கான தெரிவு வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் எடுபட்டால் ஒருநாள் நாட்டு அணிக்கும் போகலாம் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவ்வளவு பிழையில்லை. நாட்டு அணியில் அவனைவிட மோசமானவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அல்பிரட்டைப் படகடியில் போய்க் கண்டேன். "உங்கட மகனைத் தாங்கோ," என்றேன். "கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடுற ஆளாத் திருப்பித் தாறன்."

அவர் கையில் இருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துக்கொள்ளுங்க சேர். அடிச்சாலும் பரவாயில்ல."

கடையில் என்னைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நினைவிருக்காது.

பயிற்சி கடற்கரையில், உச்சி வெயிலில். நடந்தாலே கணுக்கால் வரை புதைகிற மணல். தண்ணீர் இல்லை. முடிந்த பிறகு குடிக்கலாம், நடுவில் இல்லை. நான் பழகிய காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான். தாகத்தை அடக்கத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் அடங்கும் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார்.

தர்சன் மரியாதையான பிள்ளை. ஒருநாள் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சேர், வெளிநாட்டுக் கோச்மார் இப்ப இடைக்கிடை தண்ணி குடிக்கச் சொல்லித்தான் பழக்குறாங்களாம். யூடியூப்பில பாத்தன்."

"அப்ப யூடியூப்பிட்டயே போய்ப் பழகு," என்றேன்.

அவன் சிரித்துவிட்டு ஓடினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதில் வாதம் இல்லை.

அவனுடைய தாய் றோசலின் வாரத்துக்கு ஒருமுறை எனக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்புவார். ஒருநாள் தானே கொண்டு வந்தார். "பொடியன் ராவில கால் இழுக்குதெண்டு கத்துறான் சேர். வாந்தியும் எடுத்தான். ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். தசை வளர்கிறது, வளரும்போது இழுக்கும் என்றேன். அவருடைய முகம் தெளிந்தது. மீன்குழம்பு நன்றாக இருந்தது.

நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், எனக்குத் தெரியாதா என்று. தெரியும். நான் அதைப் படிப்பித்தவன். வெயில் ஒருவனை எப்படி விழுத்தும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முதலில் தசை இழுக்கும். பிறகு தலையிடி, வாந்தி. பிறகு நடை தள்ளாடும், தோல் நெருப்பாய்க் கொதிக்கும், பேச்சு குழம்பும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் பரீட்சையில் இதைக் கேட்பேன். மக்குப் பிள்ளைகளும் சரியாக எழுதுவார்கள்.

ஆனால் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைப்பவன் வாத்தியார். யாருக்குப் பொருந்தாது என்று கண்டுபிடிப்பவன் பயிற்றுவிப்பாளர். இதை ஹாசிமின் கடையில் சொன்னால் விளங்காது.

அவன் முன்னேறினான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மதுரங்குளிக் கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் தன் பாதியிலிருந்து தனியாக ஓடிப்போய் கோல் அடித்தான். அடித்துவிட்டு நேரே என்னிடம் வந்து குனிந்து என் காலைத் தொட்டான். கடையில் அதைப் பற்றி அடுத்த நாள் பேசினார்கள். தர்சனைப் பற்றி. என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அல்பிரட் சொன்னார், "அவன்ட உடம்பு என்ட அப்பாட உடம்பு."

அதனால்தான் ஒரு போயா விடுமுறை தினத்தில் மூன்று பேரையும் கடற்கரைக்கு வரச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் சில மனிதர்களுக்கு மண்டையில் கொஞ்சம் ஏறும். ஹாசிம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "ளுஹர் தொழுதிட்டு வாறம் சேர். அல்பிரட்டையும் கூட்டிக்கிட்டு வாறம்."

தர்சன் முந்தின நாள் வேலையில் இருந்து களைத்து வந்திருந்தான். காலையில் சாப்பிடவில்லை என்றான். நான் அவனை ஓட வைத்தேன். மத்தியானத் தொழுகை முடிகிற நேரத்தில் அவன் நல்ல நிலையில் இருந்தான், அப்போது அவர்கள் வந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு எனக்குத் தெரியவந்தது. புதிய பயிற்றுவிப்பாளர் யாராக இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் ஏதோ சொன்னார்களாம். மூன்று பேரும் கடையில் இருந்து அதை விவாதித்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வரும்போது அவன் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவனை நிறுத்தவில்லை.

"சேர், கொஞ்சம் தண்ணி தாங்க."

"அவங்கள் வரட்டும்."

அவன் சத்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடினான். என்னைத் தாண்டிப் போகும்போது கையைப் பிடித்துப் பார்த்தேன். கொதித்தது. காய்ந்துபோயிருந்தது. இதெல்லாம் வரிசையாக வருகிறது என்று எனக்கு விளங்கியது. ஆச்சரியம் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு அவன் என் முன்னால் வந்து நின்று, "கரை எங்க சேர்?" என்று கேட்டான்.

அவன் கரையில்தான் நின்றான். கடல் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைக் காணவில்லை.

"முன்னால," என்றேன். "ஓடு."

ஓடினான். கொஞ்சத் தூரம் போய் முகம் மணலில் படும்படி விழுந்தான்.

இனி நீங்கள் காத்திருந்த பகுதி. நான் பையை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். பையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர், நிறைய இருந்தது. மற்றதில் சாராயம், ஆட்டத்துக்குப் பிறகு காலில் பூசி உருவுவதற்கு. அவனைப் புரட்டினேன். மூச்சு இருந்தது. கடலில் இருந்து நாலு எட்டில் கிடந்தான், இழுத்துக்கொண்டு போய் அலையில் கிடத்தியிருந்தாலே போதும். அந்த நேரத்தில் தூரத்தில் மூன்று பேரும் வருவது தெரிந்தது. அல்பிரட் கையை வீசி ஏதோ பேசிக்கொண்டு வந்தார். இன்னும் விவாதம் முடியவில்லை.

என் முறை பிழை என்று அந்த மூன்று பேரும் வாழ்நாள் முழுக்கக் கடையில் பேசுவார்கள். அதை நினைத்துப் பார்த்தேன். நிதானமாகத்தான் நினைத்தேன். விழுந்தது அவன், ஆகவே பிழையும் அவனுடையதாக இருக்க வேண்டும். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சாராயப் போத்தலைத் திறந்து அவனுடைய உதட்டிலும் சட்டையிலும் ஊற்றினேன். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பி நின்றேன்.

அல்பிரட் ஓடிவந்து முழங்காலில் விழுந்தார். மகனைத் தூக்கினார். சாராயம் மணத்தவுடன் கை நின்றுவிட்டது.

"குடிச்சிட்டா சேர் வந்தவன்?"

நான் கடலைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. மகனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எழும்படா. சேருக்கு முன்னால மானத்தை வாங்காத. எழும்பு." இன்னொரு தடவையும் அறைந்தார். பதியுதீன்தான் அவரைப் பிடித்து இழுத்தார். ஹாசிம் தர்சனின் நெற்றியில் கையை வைத்துவிட்டு, "அல்லாஹ்வே, புள்ள கொதிக்கிறான், தண்ணி கொண்டாங்க," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரியான விஷயத்தைச் சொன்னார். அதற்குள் நேரம் போய்விட்டது. ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தகப்பனின் மடியில் உயிர் போனது.

செத்தவீட்டில் அல்பிரட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய குரல் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்," என்றார். "நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க. உங்கட பேரையும் கெடுத்துப்போட்டுப் போயிற்றான்." நான் அவருடைய தோளைத் தட்டினேன். பரவாயில்லை, இனி அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றேன். றோசலின் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்களுக்கு உதைபந்தாட்டம் விளங்காது.

பிறகு பிரேதப் பரிசோதனையில் உங்கள் வைத்தியர் அவனுடைய வயிற்றிலும் இரத்தத்திலும் ஒரு துளி சாராயம்கூட இல்லை என்று கண்டுபிடித்தார். நீங்கள் பொலிஸ் ஜீப்பில் என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பது தங்கள் வேலையில் நம்பிக்கை இல்லாதவர்களின் பழக்கம். தர்சன் உயிரோடு இருந்தான், என்னிடம் தண்ணீர் இருந்தது, நான் கொடுக்கவில்லை. இதில் எனக்குக் கூட்டாளி யாரும் கிடையாது.

மகன் குடிக்கவில்லை என்பது அல்பிரட்டுக்கு இன்னும் தெரியாது என்று சொன்னீர்கள். அவன் செத்துக்கொண்டிருக்கும்போது அறைந்த கையோடுதான் அவர் இப்போதும் கடலுக்குப் போய் வருகிறார். இன்றைக்கு நீங்கள் போய்ச் சொல்லிவிடுவீர்கள், சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் அவரிடம் கேளுங்கள். நம்மாள் சொன்னால் நம் பொடியன்மார் ஓட மாட்டார்கள் என்று அவர்தானே சொன்னார், இப்போது என்ன சொல்கிறார் என்று.