நரகத்து வைக்கோல்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, நீதிபதி ஐயா. மழைக்காலத்தில் என் வலது முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை. எழுத்தர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை.

நான் பார்னபி குரோச். தேம்ஸ் நதியின் தென்கரை நாடகக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாகக் கோமாளி. எலிசபெத் மகாராணியின் அரண்மனையிலும் ஒருமுறை ஆடியிருக்கிறேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ராஜா செத்து, ராணி செத்து, மேடையெங்கும் பிணமாகக் கிடந்தாலும் கடைசியில் கோமாளி வந்து ஓர் ஆட்டம் போட்டால்தான் சனம் வீட்டுக்குப் போகும். நீங்களே மாடத்தில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி ஆட்டம் என்னுடையது. பெண்டாட்டி, பிள்ளை, வீடு என்று வேறெதுவும் எனக்குக் கிடையாது.

போன வசந்தத்தில் ஜெரோம் ஃபென்விக் எங்கள் குழுவில் சேர்ந்தான். உடம்பில் எலும்பே இல்லாதவன். மேடை நடுவே ஒரு குழிக்கதவு உண்டு. பேய் பிசாசெல்லாம் அதன் வழியாகத்தான் ஏறி வரும். அதனால் கீழே இருக்கும் இடத்தை நாங்கள் நரகம் என்போம். இவன் ஆடிக்கொண்டே வந்து, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, அந்தக் குழிக்குள் தலைகீழாக மறைவான். கீழே வைக்கோல் குவித்திருப்போம். வித்தை அவ்வளவுதான். அதற்குப் போய் சனம் பைத்தியமாகிவிட்டது.

குழுத் தலைவர் ஹாடோ என்னைக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காத பார்னபி. இனிமே கடைசி ஆட்டம் அவனுக்கு. நீ கீழ வைக்கோலப் பாத்துக்க. உன் முட்டிக்கும் ஓய்வா இருக்கும்ல."

அவர் போனதும் ஜெரோம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்களப் பாத்துத்தான் நான் ஆடவே வந்தேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கண்ணே."

நான் வைத்துக்கொள்ளவில்லை. அவன் மேல் எனக்குப் பிரியம்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வைக்கோல் ஈரமாக இருந்தது. பொறுப்பாக அள்ளிக்கொண்டுபோய் வெளியே காயப் போட்டேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். இப்படித்தான் காவலரிடம் சொன்னேன், பாவம், அவர் நம்பினார். நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் புருவமே சொல்கிறது.

சரி. வைக்கோல் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. நான் மறக்கவும் இல்லை. மேடையேறும் முன் அவன் என்னிடம் கேட்டான்.

"அண்ணே, வைக்கோல் போட்டாச்சா?"

"மெத்தை மாதிரி போட்டிருக்கேன்டா தம்பி. போய் ஜமாய்."

கன்னத்தில் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். கீழே வெறும் கல் தரை.

அவன் விழுந்த சத்தத்துக்குக் கொட்டகையே அதிர்ந்து சிரித்தது. "இன்னொரு தடவ போடுறா ஜெரோம். என்னடா, நரகத்துலயே தூங்கிட்டியா?" என்று கத்தினார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். பிறகு மேடைக்குப் போய் என் ஆட்டத்தை முழுதாக ஆடினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். எனக்கு அந்தக் குணமே கிடையாது. ஒரே ஒரு நியாயம் கேட்கிறேன், ஐயா. என் பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தக் கொட்டகை கேட்டதில்லை. வைக்கோலை எடுத்தது நான். அந்தச் சிரிப்பில் பாதியாவது எனக்குச் சேர வேண்டாமா?