புள்ளிக்குப் பின்னால் இருந்தவள்

தளராத தலைமைக்குச் சொந்தக்காரரான மென்பொருளாளர் மன்றத் தலைவர் அவர்களே! சான்றோர்களே! பெற்ற வயிற்றின் பதைப்பறிந்த தாய்மார்களே! நிரல் எழுதும் என் தோழர்களே! தங்கை மகளைப் பறிகொடுத்த ஒரு தாய்மாமனின் தழுதழுத்த வணக்கம்.

தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். சீக்கிரம் முடிக்கிறேன் ஐயா. அவள் கதையே அவ்வளவு நீளமில்லை.

குறைமாதத்தில் பிறந்தவள். பெயர்கூட வைக்கவில்லை, குட்டிம்மா என்போம். மூச்சு நிற்காமலிருக்க மணிக்கு 0.4 மில்லி மருந்து என்று மருத்துவர் கணினியில் பதிந்தார். திரையில் காட்டும் நிரலோ, அழகாக இருக்கட்டும் என்று அதை முழு எண்ணாக்கியது. 0.4 வெறும் 0 ஆயிற்று! அதோடு நின்றதா? மருந்து செலுத்தும் இயந்திரத்தின் நிரல், மூல எண்ணைக் கேட்காமல் திரைக்குப் போன எழுத்தையே படித்து எண்ணாக்கிக்கொண்டது. காட்டுவதற்குச் சுருக்கியது, கணக்கிலேயே வந்து உட்கார்ந்தது!

"சிஸ்டர், ஏன் சைபர் காட்டுது?" என்று கேட்டாள் தங்கை.

"டாக்டர் நிறுத்திட்டார் போலம்மா. நல்ல சேதிதான்."

மகிழ்ந்தாள் ஐயா, மகிழ்ந்தாள்! எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, குட்டிம்மாவுக்கு இனிமே மருந்தே வேண்டாமாம்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் குட்டிம்மாவை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

என்ன தம்பி, பின்வரிசையில்? "டெஸ்ட் பண்ணலையா"வா? பண்ணினார்களே! ஐந்து, பத்து, இருபது என்று பெரியவர்களின் அளவை வைத்துப் பண்ணினார்கள். எல்லாம் சரியாக வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையின் அளவு ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

அந்த நிரலை எழுதியவர் துக்கம் கேட்க வந்தார். வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. "அக்கா, புள்ளிக்கு அப்புறம் வர்றது ரொம்பச் சின்னதுதானேன்னு..." என்று இழுத்தார். தங்கை திட்டவில்லை.

"எம் பொண்ணும் ரொம்பச் சின்னவதான் தம்பி" என்றாள்.

தோழர்களே! புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் காட்டுவது என்று யாரைக் கேட்கிறீர்கள்? திரையின் அகலத்தையா? கண்ணுக்கான அழகையா? அந்த எண்ணை நம்பி மூச்சு விடுகிறவர்களைக் கேளுங்கள்! காட்டும் எண் வேறு, கணக்கிடும் எண் வேறு! வெட்டிய எண்ணை மீண்டும் உள்ளே விடாதீர்கள்! விடாதீர்கள்!

கை தட்ட வேண்டாம். முன்வரிசையில் என் தங்கை இருக்கிறாள். போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி. கலங்கிய கண்களுக்கு என் வணக்கம்.