நல்லாத்தான் இருக்கேன்

– தூக்கம் வருதான்னு டாக்டரு கேட்டாரு. நல்லா வருதுன்னீங்க. வாய் கூசலையா உங்களுக்கு?

– மெதுவாப் பேசு, செல்லாயி. ஈப்போ பஸ் ஸ்டாண்டே பாக்குது.

– பாக்கட்டும்லா! எண்பத்தொண்ணாம் வருசத் தீவாளிக்குப் படுத்த மனுசன் நீங்க. ரெண்டு வருசமா ரப்பர் மரத்துல பால் வெட்டப் போகலை. ராத்திரியெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறீங்க. சோத்தப் பெசஞ்சு நான்தான் ஊட்டுறேன். டாக்டரு முன்னால மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிமுந்து உக்காந்து, நல்லாத்தான் இருக்கேங்குறீங்க!

– என்னமோ... அப்படி வந்துருச்சு.

– என்னமோ, என்னமோ! மனசு சரியில்லாதவங்களுக்கும் சர்க்காரு மாசாமாசம் உதவிப் பணம் குடுக்குதாம், உள்ளதைச் சொன்னாப் போதும்னு தோட்டத்து ஆபீஸ் கெராணி ஐயா எத்தனை தடவை சொன்னாரு? நான் என்ன பொய்யா சொல்லச் சொன்னேன்?

– உக்காருங்கன்னாரு, புள்ள.

– யாரு?

– அந்த டாக்டரு. நாற்காலிய இழுத்துப் போட்டு, மரியாதையா, ‘என்சே அப்பாவு, உக்காருங்க’ன்னாரு. லயத்துல என்னைய யாரு பேரு சொல்லிக் கூப்பிடுறா? சின்னப் புள்ளைங்ககூட ‘கீலா, கீலா’ன்னு கத்திக்கிட்டு ஓடுதுங்க. அவருகிட்டயும் போயி நான் பைத்தியம்னு எப்படிச் சொல்றது?

– அவரு என்ன எழுதிட்டாரு தெரியுமா? இந்த ஆளு வேலை செய்யலாம்னு எழுதிட்டாரு! கவுண்டர்ல இருந்த யாழ்ப்பாணத்து அம்மாகிட்ட, மறுபடி மனுப் போடலாமான்னு கேட்டேன். ‘போடலாம் பிள்ளை, ஆனா டொக்டர் எழுதினதை ஆர் மாத்துறது?’ன்னுட்டாங்க.

– ம்.

– ம்முன்னா? நான் ஒருத்தி வெட்டி நாலு வயிறு எப்படி நெறையும்? இன்னைக்கு லீவு கேட்டதுக்கே கங்காணி குதிச்சான். நாளைக்கும் வரலைன்னா உன் மர நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டான்.

– அழுவாதே, புள்ள.

– யாரு அழுவுறா? மொகத்தத் தொடைச்சேன்.

– குடைய நல்லாப் புடி. நனையிறே.

– நனைஞ்சா நனையட்டும். இவ்வளவுலயும் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். கடைசியா, சாகணும்னு தோணுதான்னு கேட்டாருல்ல? நான் உங்க மொகத்தையே பாத்தேன். நீங்க சட்டுனு இல்லைன்னீங்க. அது போதும்லா எனக்கு. காசு போனாப் போவுது. எந்திரிங்க, பத்து காஜாவுக்குப் போற பஸ் வந்துருச்சு.

– செல்லாயி.

– ஏறுங்க. ஏறி உக்காந்து பேசிக்கலாம்.

– நாளைக்கு வெட்டுக்குப் போகாதே. என்னையத் தனியா விட்டுட்டுப் போயிறாதே.