முப்பது நிமிட டெஸ்ட்

பைப் பதித்த கையோடு சிமெண்ட் பூசிவிடுகிறவனை நான் பிளம்பர் என்றே சொல்ல மாட்டேன், சார். செல்லூரில் இருபது வருடமாக எனக்கு ஒரே முறைதான். எல்லா வால்வையும் மூடி, கைப்பம்ப் அடித்து, பிரஷரை ஏற்றி, முப்பது நிமிடம் காத்திருப்பேன். மீட்டர் முள் இறங்கவில்லை என்றால்தான் பூச்சு.

என் அக்கா தாமரைச்செல்வியின் வீட்டுக்காரர் செல்வக்குமாருக்குக் கணையத்தில் கல். கணையநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே பிரஷர் ஏறுகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைத்தார். கொழுப்பு சாப்பிட்டால் நீர் அதிகம் சுரக்கும், குடித்தால் கணையமே வெந்துபோகும், இரண்டும் ஆகாது என்றார். எனக்கு உடனே புரிந்தது. கணையம் பம்ப். குழாய் லைன்.

மச்சான் தேறி வந்தார். கஞ்சியைக் குடித்துக்கொண்டே தெருவில் போகிறவர்களிடம் சொல்வார்: "மாப்ள போட்ட பைப்பு பூராம் ஒழுகுது. எனக்குப் போட்டிருக்காக பாரு, சொட்டு வெளிய வராது."

"டெஸ்ட் பண்ணுனாகளா மச்சான்?"

"எதுக்கு? அவரு டாக்டரு. உன்னைய மாதிரியா?"

அதாவது, டெஸ்ட் பண்ணவில்லை. அது எனக்கு உறுத்தியது. கோபமெல்லாம் இல்லை.

அக்கா தறிக்குப் போனதும் கஞ்சியில் ஆட்டுக்கொழுப்பை உருக்கி ஊற்றினேன். முதல் நாள் ஒரு கரண்டி. "இன்னைக்குக் கஞ்சி ருசியா இருக்கே" என்றார். மறுநாள் மூன்று. எடுத்த எடுப்பில் முழு பிரஷர் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாள் கரண்டியை எண்ணவில்லை. அன்று கஷாயம் என்று சொல்லி பிராந்தியும் கொடுத்தேன். என்ன கஷாயம் என்று அவர் கேட்கவில்லை.

பத்தாவது நிமிடம் வயிற்றைப் பிடித்துக் குனிந்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். இருபத்திரண்டாவது நிமிடம், "ஆம்புலன்ஸைக் கூப்புடுறா" என்றார். அவர் போன் என் டூல்ஸ் பையில் இருந்தது.

"இன்னும் எட்டு நிமிசம் மச்சான்."

பாதியில் நிறுத்தினால் டெஸ்ட் செல்லாது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். முப்பதாவது நிமிடம் நானேதான் கூப்பிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் கிடந்து இறந்தார். குழாய் வைத்த இடத்தில் அப்படியே இருந்ததாம். டாக்டர் வேலை சுத்தம் என்று அக்காவிடம் நானே சொன்னேன்.

அந்தக் குழாய் மட்டும் கொஞ்சம் ஒழுகியிருந்தால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று, நான்கு நாளும் ஐசியூ வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், சார்.