எழும்பாத மாவு

— நீ மலைலேந்து கொண்டாந்த இந்த ரொட்டிய நாய்க்குப் போட்டேன்யா. மோந்து பாத்துச்சி. அப்பால என்னிய ஒரு பார்வ பாத்துச்சி. நான் உனக்கு இன்னா துரோகம் பண்ணேன் தேசம்மான்னு கேக்கற மாரி. வாலத் தொங்கப் போட்டுக்கினு பூட்ச்சி.

— நீ சிரி. மலைல அந்த ஸ்கூலு பொண்ணுங்களும் அப்டித்தான் பாத்துச்சிங்க. நாஷ்டா மேஜைல வரிசையா குந்திக்கினு ரொட்டிய எடுத்து தட்டுல தட்டுதுங்க. டொக்கு டொக்குனு ஒரே சத்தம். ஸ்கூல நடத்தற மதர் பாத்துக்கினே வந்தாங்க. சிலுவ மட்டும் போட்டுக்கினாங்க.

— மிக்கேலு, உன்னக் கட்டிக்கினு வந்த நாள்லேந்து நீ சுட்ட ரொட்டியத்தான் நான் தின்னுக்கினு கீறேன். பஞ்சு மாரி இருக்கும். ஃபாரூக் பாய் ரொட்டிக் கெடங்குக்கு லஸ்லேந்து ஆளு தேடிக்கினு வரும், சாந்தோம் மிக்கேலு கை ரொட்டிதான் வோணும்னு. அந்தக் கை கோத்தகிரிக்குப் போனதும் இன்னாயா ஆச்சி?

— அதான் எனக்குப் புரியல. அதே மைதா. அதே உப்பு. கை மாறல. மாவுல ஊத்தற கள்ளு மேட்டுப்பாளையத்துலேந்து காத்தால பஸ்ல வருது. நொர தள்ளிக்கினு, நம்ம ஊர்ல எறக்கற மாரியேதான் கீது. நாக்குல வச்சிப் பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. சாயங்காலம் அத்த ஊத்தி மாவக் கரைச்சி பானைல மூடி வச்சிட்டுப் படுத்தா, விடியக்காலைல தொறந்து பாத்தா வச்சது வச்சபடியே கீது. கொழுக்கட்டைக்குப் பிசஞ்ச மாரி.

— இரு. இந்தச் சங்கரா மீன செதிலு எடுத்துக்கினே கேக்கறேன், நீ மேல சொல்லு. எனக்கு எத்தினி வருசமா ஒரு டவுட்டு. கள்ளக் குடிச்சா மனுசன் சாயறான். அதே கள்ள ஊத்துனா மாவு மட்டும் எப்டியா எழும்புது?

— நல்லாக் கேட்ட. விசயம் இன்னான்னா, கள்ளுக்குள்ள உசுரு கீது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுரு. அது மாவுல கீற தித்திப்பத் தின்னுது. தின்னுட்டு மூச்சு வுடுது. அந்த மூச்சு வெளிய போவப் பாக்குது. மாவ நல்லா அடிச்சிப் பிசஞ்சிருந்தா ஜவ்வு மாரி இஸ்துக்கினு கீதே, மூச்சப் போவ வுடாது. மாட்டிக்கினு உள்ளயே நிக்குது. ஊரு பூரா ஜனம் மூச்ச அடக்கிக்கினு நிக்கற மாரி. அதான் உப்புது. ரொட்டியப் பிச்சா உள்ள ஓட்ட ஓட்டையா கீதே, ஒவ்வொண்ணும் ஒரு மூச்சு.

— அட. நான் ஓட்டையத் தின்னுக்கினு கீறேன்னு தெரியாமப் போச்சே. சர்தான். அப்ப மலைல அந்த உசுரு செத்துடுதா?

— நானும் மொதல்ல அப்டித்தான் நெனச்சேன். தண்ணி மேல பழி போட்டேன். மைதா மூட்டையப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்தேன். மதர் மாவு உப்பறதுக்குன்னு ஒரு சீமப் பவுடர் டப்பா குடுத்தாங்க, அத்தப் போட்டா ரொட்டில சோப்பு நாத்தம். அப்பால ஒரு நாளு வெறுத்துப் போயி எழும்பாத மாவக் கொண்டி வெளிய வச்சேன். அன்னிக்கு நல்ல வெயிலு. மதியம் பாத்தா பானை மூடியத் தள்ளிக்கினு நிக்குது. அப்பதான் புரிஞ்சிது. சாவல. குளுருல தூங்குது, அவ்ளோதான்.

— தூங்கறத எழுப்பணும். அடுப்பாண்ட வச்சா எழுந்துக்கினு போவுது. இதுக்கா அந்த மலைலேந்து ரயிலேறி வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு குந்திக்கினு கீற?

— வச்சேன்டி. தணல் பக்கத்துல கீற மாவு வெந்துட்ச்சி, அந்தாண்டப் பக்கம் சில்லுனு கீது. சுடு தண்ணி குண்டானுக்குள்ள பானைய எறக்கி வச்சேன். மொதல்ல சூடு தாங்காம கொஞ்சம் செத்துச்சி, அப்பால நடுராத்திரிக்குள்ள தண்ணி ஆறி மிச்சமும் தூங்கிட்ச்சி. கரிச்சட்டி வச்சிக் கதவ சாத்திக்கினு படுக்கலாம்னா மதர் வோணாம்னுட்டாங்க. அதுவும் சரிதான், அந்தப் பொகைல மாவு எழும்பும், நான் எழுந்துக்க மாட்டேன்.

— வாயில அடி. வெளக்கு வைக்கற நேரத்துல பேசற பேச்சா இது.

— இல்ல, மெய்யாலுமே சொல்றேன். ஞாயித்துக்கெழம ராத்திரி ரயிலுக்கு நான் திரும்பிப் போவணும். போயி மதராண்ட நேராச் சொல்லணும், என்னால ரொட்டி எழும்பும், இல்லாட்டி எழும்பாது. எழும்பாதுன்னா குன்னூர்லேந்து பஸ்ல ரொட்டி வரவழைச்சிக்கறேன்னு சொல்ட்டாங்க. கோவமா சொல்லல. பாவம், நல்ல மனுசி.

— எழும்பாட்டி இன்னா? வந்து ஃபாரூக் பாயாண்டயே நின்னுக்கோ. அவரு இன்னா வோணாம்னா சொல்லப் போறாரு?

— நீயே இப்டி சொன்னா எப்டி? போன மே மாசம் ஓவன் வாயாண்ட சுருண்டு வுழுந்தப்ப என்னிய ரிக்‌ஷால தூக்கிப் போட்டுக்கினு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? டாக்டரு இன்னா சொன்னாரு?

— ஓவன வுடு, இல்ல இந்த ஊரு வெயில வுடு. ரெண்டும் சேந்து உனக்கு ஆவாது. தெரியும்யா. அன்னிக்கு நீ கெடந்த கெடையக் கண்டவ நானு. அதனாலதான் மலைக்குப் போன்னு சொன்னப்ப வாய மூடிக்கினு மூட்ட கட்டிக் குடுத்தேன்.

— அங்க ஓவன் வாயில நின்னா எவ்ளோ சொகம் தெரியுமா? முதுகுல குளுரு, மொகத்துல அனலு. ஒரு நாளு கூட தல சுத்தல. ஒடம்பு எளச்சிக் கீறேனா, பாரு.

— எங்க எளச்ச? கழுத்து ரெண்டா மடியுது. சர்தான், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த ஊரு எப்டி கீது?

— ஊருன்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல. ஸ்கூலு, கோயிலு, ஒரு சந்தை. மிச்சம் பூரா தேயிலயும் மரமும். நீயும் வந்தா நமக்குன்னு ஒரு வூடு குடுப்பாங்க, ஓட்டு வூடு, பின்னால ஒரு பேரிக்கா மரம். சத்தம்தான் இல்ல. மொத ராத்திரி காது ரெண்டும் பூட்ச்சின்னு நெனச்சிக்கினு நானே கையத் தட்டிப் பாத்தேன்.

— எனக்குப் பொறந்ததுலேந்து அலை சத்தம் காதுல கீது. அது நின்னா பொழுதே நின்ன மாரி இருக்குமே.

— காத்து மரத்துல அடிக்கறப்ப கண்ண மூடிக்கினா அப்டித்தான் கீது. கொஞ்சம். முழுசா இல்ல. பொய் சொல்ல மாட்டேன்.

— நீ பொய் சொன்னா மூக்கு செவக்கும், எனக்குத் தெரியும். மிக்கேலு, சத்தம் பழகிடும். குளுருக்குக் கம்பளி போத்திக்குவேன். எனக்கு பயம் வேற. சின்ன வயசுலேந்து நான் மீனு கூடயத் தூக்கிச் சம்பாதிச்சி சாப்ட்டவ. அடையாறு பங்களா துரைசானிங்ககூட என்னாண்ட பேரம் பேச யோசிக்கும். அங்க போயி உன் ஓட்டு வூட்டு வாசல்ல குந்திக்கினு, நீ எப்ப வருவ, இன்னா கொண்டாருவன்னு பாத்துக்கினு கெடக்கணுமா? மூணே நாளு. நான் உன்னிய கடிச்சிக் கொதறிடுவேன்.

— ஸ்கூல்ல துணி தொவைக்க ஆளு வோணும்னு...

— அந்தப் பொண்ணுங்க பாவாடையத் தொவைக்கவா நான் கடலத் தாண்டிப் போறேன்?

— கடலு இல்ல, மலை.

— எதுவோ ஒண்ணு. நான் இல்லாட்டி நின்னு பூடற வேல ஒண்ணு அங்க இருக்கணும். அப்டி ஒண்ணு இருந்தா வரேன். சொம்மா உனக்குத் தொணைக்குன்னா வர மாட்டேன். நீ லீவுக்கு வா, நான் பாத்துக்கறேன்.

— ரொட்டியே எழும்பல. நீ வர்றதப் பத்தி சண்ட போட்டுக்கினு கீறோம்.

— ஆமால்ல. சர்தான், அத்த மொதல்ல பாப்போம். கம்பளில சுத்தி வச்சியா பானைய?

— எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. விசயம் இன்னான்னா, கம்பளி சூடு குடுக்காது தேசம்மா. உள்ள கீற சூட்ட வெளிய வுடாம புடிச்சிக்கும், அவ்ளோதான். சில்லுனு கீற பானைய சுத்துனா சில்லுன்னே பத்திரமா வச்சிக்கும். நீ ஐஸு கட்டிய சாக்குல சுத்தறியே மீனுக்கு, அது எதுக்கு? உருகாம இருக்கத்தானே?

— அட ஆமா. சாக்கு ஒண்ணும் சூடு பண்றதில்ல.

— அதான். கம்பளிக்குள்ள சூடு குடுக்கற பொருளு ஒண்ணு இருக்கணும். அதுவும் ராத்திரி பூரா வுடாம குடுத்துக்கினே இருக்கணும். தண்ணி ஆறிடுது, கல்லு ஆறிடுது, செங்கல்லு சுட்டு வச்சேன், அதுவும் ஆறிடுது.

— எவ்ளோ சூடு வோணும்?

— கைய வச்சா சூடும் தெரியக் கூடாது, குளுரும் தெரியக் கூடாது. நம்ம ஊர்ல சித்திரை மாசத்து ராத்திரி மாரி.

— கைய வச்சா தெரியாதுன்னா, அது கை சூடுதான். ஒடம்பு சூடு.

— ஆமா. மாட்டுக் கொட்டாய்ல கூட ஒரு ராத்திரி வச்சேன். மதராண்ட சொல்லாத.

— நான் எங்க உன் மதரப் பாத்தேன். மாடு இன்னா பண்ணுச்சி?

— பானை மேல சாஞ்சிக்கினு படுத்துச்சி. மாவு எழும்பிச்சி தேசம்மா, சாந்தோம்ல எழும்பற மாரி எழும்பிச்சி. ஆனா நான் போறதுக்குள்ள துணிய நக்கித் தள்ளிட்டு பாதி மாவத் தின்னுட்ச்சி. மீதில சாணி வாசன.

— சிரிக்க வைக்காத, கத்தி கைய அறுத்துடும். அப்ப வழி தெரிஞ்சி போச்சேயா. மாடு வோணாம். நீயே பானையக் கட்டிக்கினு கம்பளிக்குள்ள படுத்துக்கோ. நீ மாவ நக்க மாட்டல்ல?

— யோசிச்சேன். முடியாது. கோழி கூவறதுக்கு முன்னால நான் எழுந்து போயி ஓவன் பத்த வைக்கணும். வெறகு எரிஞ்சி தணலாயி, ஓவன் காஞ்சி வர்றதுக்கு அம்மாம் நேரம் புடிக்கும். அந்த நேரத்துலதான் மலைல குளுரு உச்சம். மாவு நல்லா மூச்சு வுடற நேரமும் அதான். நான் எழுந்த நிமிசம் பானை சில்லுனு பூடும். முன்னால எழும்புனதும் அமுங்கிடும்.

— வேற ஆளு யாரும் இல்லியா?

— யாரு கீறாங்க? தோட்டக்காரன் முருகையன் கீறான். அவனாண்ட போயி, அப்பா முருகையா, ராத்திரில என் பானையக் கட்டிக்கினு படுத்துக்கோன்னு கேக்கவா?

— வோணாம். அப்பால ஊரு உன்னப் பத்தி வேற மாரி பேசும்.

— அதான் சொல்றேன். எழும்பாதுன்னே மதராண்ட சொல்ட்டு வந்துடறேன். வந்து ஃபாரூக் பாயாண்ட கல்லாப் பெட்டியாண்ட குந்தி ரொட்டி வித்துக்கினு கீறேன். ஓவன் பக்கம் போவல. இன்னா பண்றது.

— நீ கல்லால குந்துவியா? அடுத்தவன் சுட்ட ரொட்டிய எடுத்து எடுத்துக் குடுத்துக்கினு? அமுக்கிப் பாத்து அமுக்கிப் பாத்தே நீ செத்துப் பூடுவ.

— வேற வழி சொல்லு.

— இரு, இந்த மீனக் கழுவிட்டு வரேன்.

— இன்னா, மீனு கழுவியாச்சா?

— கழுவியாச்சி. ஒண்ணு கேக்கறேன். என் கூடயத் தூக்கிக்கினு பங்களா பங்களாவா போறதுக்கு யாரு தேவலாம்? பக்கத்து வூட்டு கெங்கம்மா கேட்டுக்கினே கீறா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி அவளுக்கு.

— வாயி ஜாஸ்தின்னா மீனு விக்கும். ஏன்?

— சொம்மாத்தான். மிக்கேலு, நெனவு தெரிஞ்ச நாள்லேந்து கட்டுமரம் கரைக்கு வர்ற நேரத்துக்கு நான் ஈர மணல்ல நின்னுக்கினு கீறேன். மழையோ காச்சலோ, இருட்டுல எழுந்து ஓடியிருக்கேன். பாய்ல படுத்துக்கினு ஒரு நாளு கூட சூரியன் மேல வந்ததப் பாத்ததில்ல. தெரியுமா உனக்கு?

— தெரியும். அதுக்கு இப்ப இன்னா?

— அந்த மதராண்ட போயி ரொட்டி எழும்பும்னு சொல்லு. ராத்திரி மாவுப் பானைய நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சிக்குவோம். கோழி கூவறதுக்கு முன்னால நீ எழுந்து போயி ஓவன் பத்த வையி. நான் எழுந்துக்க மாட்டேன். ரெண்டு கம்பளியையும் போத்திக்கினு, பானைய வயித்தாண்ட அணைச்சிக்கினு, விடியற வரைக்கும் படுத்துக் கெடக்கறேன். ஓவன் காஞ்சதும் வந்து பானைய மட்டும் எடுத்துக்கினு போ, என்னிய எழுப்பாத.